ஒரு நாள் சான்றிதழோடு ஃபோர்க்லிஃப்டில் ஏறலாமா?

ஸ்டோர்களில் பாரத்தைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் மெஷினுக்குப் பயிற்சி என்று சொல்லி ஒரே நாளில் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடும் இடங்கள் இருக்கின்றன. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பொடியன்மார் பேலியகொடை, வத்தளை, பியகம ஸ்டோர்களுக்கோ, கட்டார், துபாய்க்கோ வேலைக்குப் போகுமுன் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஊரில் தேயிலை பெக்டரியிலோ உர ஸ்டோரிலோ வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அந்தக் காகிதமும் இல்லை, "வேன் ஓட்டுவாய்தானே, ஏறு" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியானால் உண்மையான பயிற்சி என்பது என்ன, அதில் என்ன இருக்க வேண்டும் என்று பலருக்கும் குழப்பம்.

சுருக்கமான பதில் இதுதான். எடை எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒன்று, உங்கள் கையில் தரப்படும் அந்தக் குறிப்பிட்ட மெஷின் ஒன்று, அது ஓடப்போகும் அந்தக் குறிப்பிட்ட தரை ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் பயிற்சி. மலையகத்தில் மூன்றாவதைத்தான் நாம் அநேகமாக விட்டுவிடுகிறோம், ஆனால் சரிவும் ஈரமும் மூடுபனியும் உள்ள நம் ஊரில் ஆளைக் கொல்லக்கூடியதும் அதுதான்.

முதலில், இது வாகனம் இல்லை

பார்க்க வாகனம் மாதிரி இருக்கும். ஸ்டியரிங், பிரேக், ஹோர்ன் எல்லாம் உண்டு. ஆனால் இது நகரக்கூடிய ஒரு பாரந்தூக்கி, அப்படித்தான் இதைப் பார்க்க வேண்டும். மூன்று வித்தியாசங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. காரில் முன்சக்கரம் திரும்பும், இதில் பின்சக்கரம் திரும்பும். நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் பின்பக்கம் வலப்புறமாக வீசிக்கொண்டு போகும். பின்னால் நிற்கும் ஆளை, ராக்கையின் காலை, கதவு நிலையை அடிப்பது இந்த வீச்சுத்தான்.

2. தூக்கும் பாரத்தைச் சமன்செய்ய பின்பக்கம் பெரிய இரும்புப் பாளம் வைத்துச் செய்திருக்கிறார்கள். அதனால் 2 தொன் தூக்கும் மெஷின் வெறுமனே நின்றாலே 3 தொன்னுக்கு மேல் எடை இருக்கும். பாரத்தோடு 5 தொன்னைத் தாண்டும். பழைய தேயிலை பெக்டரிகளின் மேல்மாடிப் பலகைத் தளத்தில் இதை ஏற்றும் எண்ணமே வரக்கூடாது.

3. பெரும்பாலான மெஷின்களில் சஸ்பென்ஷன் கிடையாது. தரையில் உள்ள சின்னக் குழியும் நேராகப் பாரத்துக்குப் போகும்.

வீதியில் ஓட்டும் சாரதி அனுமதிப்பத்திரம் இந்த மூன்றில் ஒன்றையும் உங்களுக்குச் சொல்லித்தந்திருக்காது.

தகட்டில் 2,000 என்று இருந்தால் 2,000 தூக்கலாமா?

எத்தனை கிலோ தூக்கலாம் என்று மெஷினில் ஒரு தகட்டில் அடித்திருப்பார்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தோட்டத்தில் கல் புரட்ட அலவாங்கைப் பயன்படுத்தியவர்களுக்கு விஷயம் கையிலேயே தெரியும்: அடியில் வைக்கும் சின்னக் கல்தான் தாங்குபுள்ளி, அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் அழுத்துகிறோமோ அவ்வளவு பலம். ஃபோர்க்லிஃப்டில் தாங்குபுள்ளி முன்சக்கரம். ஒரு பக்கம் பின்னால் உள்ள இரும்புப் பாளம், மறுபக்கம் உங்கள் பாரம். சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த விசைத் திருப்பம்தான், வேறொன்றும் இல்லை.

ஆகவே பாரம் எத்தனை கிலோ என்பது பாதிக் கதை. அதன் நடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மற்றப் பாதி. பாரத்தின் அடியில் நுழையும் இரண்டு இரும்புக் கைகள்தான் ஃபோர்க். அதன் நிமிர்ந்த முகத்திலிருந்து பாரத்தின் நடுப்புள்ளி வரையுள்ள தூரத்தை லோட் சென்டர் என்பார்கள். இந்த அளவு மெஷின்களுக்குப் பொதுவாக அதை 50 சென்டிமீற்றர் என்று வைத்துத்தான் தகட்டில் எண்ணை அடிக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷின் 2,000 கிலோ. முன்சக்கர அச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரை 40 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- லோட் சென்டர் 50 சென்டிமீற்றர் என்றால், அச்சிலிருந்து மொத்தத் தூரம் 90. 2,000 கிலோவை 0.9 மீற்றரால் பெருக்கினால் 1,800. இதுதான் மெஷின் தாங்கும் திருப்பம்.
- 1.2 மீற்றர் நீளமான பெலட்டை, அதாவது சாமான் அடுக்கும் தட்டை, நீளவாக்கில் எடுத்தால் லோட் சென்டர் 60. மொத்தத் தூரம் 1 மீற்றர். அந்த 1,800ஐ இந்தத் தூரத்தால் வகுத்தால், தூக்கக்கூடியது 1,800 கிலோ மட்டும்.
- 1.6 மீற்றர் நீளப் பெட்டி என்றால் லோட் சென்டர் 80. மொத்தம் 1.2 மீற்றர். தூக்கக்கூடியது 1,500 கிலோ.

இப்போது உர ஸ்டோருக்கு வாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டை 40 அடுக்கினால் சரியாக 2,000 கிலோ. தகட்டைப் பார்த்தவர் "கணக்குச் சரி" என்பார். ஆனால் அதே 1.2 மீற்றர் பெலட்டில் அது 200 கிலோ அதிகம், பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பவும் கூடும். அப்படி எழும்பும்போது நாலு பேரைப் பின்னால் ஏற்றிச் சமன்செய்யும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவே வேண்டாம், மெஷின் ஆடினால் முதலில் அடிபடுவது அந்த நாலு பேர்.

இந்தக் கணக்கு விளங்கிக்கொள்வதற்கு மட்டும். மாஸ்ட், அதாவது ஃபோர்க்கை மேலே ஏற்றும் நிமிர்ந்த சட்டம், எவ்வளவு உயரம் போகிறது, முன்னால் வேறு ஏதாவது உபகரணம் பூட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தாங்கும் எடை இன்னும் குறையும், அதையெல்லாம் தகடும் கையேடும்தான் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த மெஷின் என்றால் தகட்டில் எழுத்து புரியாது, ஆனால் கிலோவும் மில்லிமீற்றரும் எண்ணில் இருக்கும், அதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் போதும். தகடே இல்லாத, அல்லது எண் அழிந்துபோன மெஷினை விற்றவரிடமோ முகவரிடமோ கேட்டு எண்ணைப் பெறும் வரை ஓரமாக நிறுத்துவதுதான் சரி.

தேயிலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மூட்டை வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் டஸ்ட், பி.ஓ.பி.எஃப் மாதிரி சின்னத் தரங்கள் நெருக்கமாக அடங்கும், ஓ.பி மாதிரி நீள இலைத் தரங்கள் காற்றோடு அடங்கும். ஒரே உயரத்துக்கு அடுக்கிய இரண்டு பெலட்டின் எடை ஒன்றாக இருக்காது. கண்ணளவில் மதிப்பிடாமல், மூட்டையில் எழுதிய நிகர எடையைப் பெருக்கிப் பார்க்கப் பழக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத முக்கோணம்

முன்பக்கம் கவிழ்வதை இதுவரை பார்த்தோம். பக்கவாட்டில் கவிழ்வதற்குக் காரணம் வேறு. நாலு சக்கரம் இருந்தாலும் மெஷின் தாங்கி நிற்பது மூன்று புள்ளிகளில்தான்: இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சு நடுவில் பூட்டப்பட்ட ஒரு மூட்டு. இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். மெஷினும் பாரமும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை நிற்கும், வெளியே போனால் கவிழும்.

பாரத்தைத் தூக்கினால் மையம் மேலே போகும். மேலே போன மையம் ஒரு சின்னத் திருப்பத்துக்கே முக்கோணத்தை விட்டு வெளியே சாயும். அதனால்தான் பாரத்தைத் தரையிலிருந்து 15, 20 சென்டிமீற்றர் உயரத்தில் வைத்து, மாஸ்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஓட்டச் சொல்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள், முக்கோணம் பின்னால் ஒடுங்கிக்கொண்டே போகிறது, வெறும் மெஷினின் மையம் பின்னுக்குத்தான் இருக்கும். ஆகவே பாரமில்லாமல் வேகமாகத் திருப்பினால் கவிழாது என்று நினைப்பது பெரிய தவறு.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரை அங்கே ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் இறந்த 1,021 பேரின் விவரங்களைப் பார்த்தது. 22 சதவீதம் கவிழ்ந்ததில், 20 சதவீதம் நடந்துபோன தொழிலாளர் அடிபட்டதில். கவிழும்போது ஓட்டுநரைக் கொல்வது பெரும்பாலும் விழுந்த அடி அல்ல, வெளியே பாய்ந்தவர் மேல் மேற்கூரைச் சட்டம் வந்து விழுவதுதான். ஆகவே உட்கார்ந்து ஓட்டும் மெஷின் கவிழ்ந்தால் பாயாதீர்கள். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். உடம்பு இயல்பாகப் பாயத்தான் பார்க்கும், அதை வாயால் சொன்னால் போதாது, ஆளை உட்காரவைத்து அந்த நிலையைச் செய்து பழக்க வேண்டும்.

சரிவு: நம் ஊரின் பாடம்

கொழும்பிலோ துபாயிலோ பயிற்சி நடக்கும் தளம் மட்டமான சீமெந்துத் தரை. நம் ஊர் பெக்டரி மலையை வெட்டிக் கட்டியது. ஸ்டோர் ஒரு மட்டத்தில், லொறி நிற்கும் முற்றம் இன்னொரு மட்டத்தில், நடுவில் ஒரு சரிவுப் பாதை. அதன்மேல் மழை, பாசி, காலையில் மூடுபனி.

பாரம் ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் சரிவில் போகும்போது பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்னால் ஏறு, இறங்கும்போது ரிவர்சில் இறங்கு. பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு இறங்கினால் என்ன நடக்கும்? சரிவு 10 மீற்றருக்கு 1 மீற்றர் என்று வையுங்கள். பாரத்தின் மையம் தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் அது 20 சென்டிமீற்றர் முன்னுக்குத் தள்ளிவிடும். மேலே போட்ட கணக்கில் 10 சென்டிமீற்றருக்கே 200 கிலோ போனதைப் பார்த்தீர்கள். பாரத்தைத் தாழ்த்தி மையத்தை 80 சென்டிமீற்றரில் வைத்தால் தள்ளுவது 8 சென்டிமீற்றர்தான். தாழ்த்தி ஓட்டு என்பதற்குக் காரணம் இந்த எண்கள்.

பாரம் இல்லாவிட்டால் விதி தலைகீழ்: ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். வழக்கமான மெஷின்களில் இயக்கமும் பிரேக்கும் முன்சக்கரத்தில் இருப்பதால் அந்தச் சக்கரங்களில் எடை விழ வேண்டும், கனமான பின்பக்கம் மேட்டில் இருந்தால்தான் அது நடக்கும். ஈரத் தரையில் இதை மறந்தவர்தான் வெறும் மெஷினோடு சறுக்குகிறார்.

சரிவில் திரும்பவே கூடாது, குறுக்கே ஓட்டவும் கூடாது. மேலே அல்லது கீழே மட்டத்துக்குப் போய்த்தான் திருப்ப வேண்டும். முற்றம் சின்னது, இடம் போதாது என்றால் அது ஓட்டுநர் தீர்க்க வேண்டிய பிரச்சினை இல்லை, முகாமையாளர் லொறி நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

லொறியையும் மறக்க வேண்டாம். சரிவில் நிற்கும் லொறிக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது லொறியைக் கொஞ்சம் தள்ளுகிறது. கைப்பிரேக்கை மட்டும் நம்பினால் இடைவெளி மெல்லமெல்ல அகன்று ஒரு கட்டத்தில் முன்சக்கரம் உள்ளே விழும். லொறிச் சக்கரத்துக்கு ஆப்புக்கட்டை வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏற வேண்டும், சாரதி சாவியோடு கீழே இறங்கி நிற்க வேண்டும்.

குளிரால் வரும் இன்னொரு ஆபத்தை யாரும் பேசுவதில்லை. நுவரெலியா, அம்பேவல பக்கம் குளிருக்குக் கதவு யன்னல் எல்லாம் சாத்திவிடுவார்கள். கேஸ் அல்லது பெட்ரோல் மெஷின் உள்ளே ஓடினால் கார்பன் மொனொக்சைட் தேங்கும், அதற்கு மணம் கிடையாது, தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் முதல் அறிகுறி. பெட்டரி மெஷின் என்றால் சார்ஜ் ஏறும்போது ஈய அமில பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். சார்ஜ் செய்யும் இடத்தில் காற்று போக வழி இருக்க வேண்டும், பீடி சிகரெட் கிட்டவே வரக்கூடாது. டீசல் மெஷினைத் தேயிலை பெக்கிங் அறைக்குள் விடவே வேண்டாம். ஆட்களின் மூச்சும் கெடும், தேயிலை மணத்தை உறிஞ்சும் என்பதால் சரக்கும் கெடும்.

பெலட் ஜெக்: "சின்ன சாமான்தானே" என்பது பொய்

பெலட்டை நிலத்திலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கையால் இழுக்கும் பெலட் ஜெக்கைப் பயிற்சி கொடுக்க வேண்டிய ஒன்றாகவே யாரும் நினைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஆணோ பெண்ணோ, முதல் நாளே கைப்பிடியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் சாதாரண ஜெக் 2,500 கிலோ வரை தூக்கும், அதாவது பக்கத்தில் நிற்கும் 2 தொன் ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதைவிட அதிகம். அத்துடன் பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது.

கைப்பிடியில் ஒரு சின்ன லீவர், மூன்று நிலை: கீழே அழுத்தினால் பம்ப் செய்து உயர்த்தலாம், நடுவில் இருந்தால் இழுக்கலாம், மேலே பிடித்தால் இறங்கும். இதைப் பத்து நிமிடத்தில் கற்கலாம். கற்க நேரம் எடுப்பது எடையின் ஓட்டத்தைத்தான். 1,000 கிலோ பாரம் 20 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்கும் சரிவில் நின்றால் ஏறத்தாழ 50 கிலோ விசையோடு உங்களை இழுக்கும். 10க்கு 1 என்றால் 100 கிலோ. வழுக்கும் தரையில் பாட்டா செருப்போடு நிற்கும் ஒருவரால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் கை ஜெக் மட்டத் தரைக்கு மட்டும். "இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் இறக்கலாம்" என்பதற்கு இடம் இல்லை, பிடி நழுவும்போது இரண்டு பேர் அடிபடுவார்கள்.

மட்டத்திலும் இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது. இழுத்தால் பாரம் குதிகாலில் ஏறும், உடம்பு முறுக்கிக்கொண்டு இடுப்பும் போகும். முன்னால் இரும்பு வைத்த சப்பாத்து கட்டாயம், அதை வாங்கிக் கொடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர்.

மின்சார ஜெக்கை நடந்து ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சரிவில் ஃபோர்க்லிஃப்டுக்குப் பாரம் மேட்டுப் பக்கம் என்று பார்த்தோம். நடந்து ஓட்டும் ஜெக்குக்கு அது நேர் எதிர், பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்க் பள்ளத்துப் பக்கம், ஆள் மேட்டுப் பக்கம். காரணம் எளிது, இங்கே ஆள் கூண்டுக்குள் இல்லை, பாரத்துக்குக் கீழே நின்றால் அவர் மேலேயே வரும். ஒரு மெஷினில் பழகிய கையை அப்படியே அடுத்த மெஷினுக்கு விடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

இங்கிலாந்தில் இதை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: அடிப்படைப் பயிற்சி, குறிப்பிட்ட வேலைக்கான பயிற்சி, பிறகு வேலைத்தளத்தில் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் பழகுதல். அமெரிக்காவில் 1998இல் வெளிவந்த விதிப்படி வகுப்பு, செய்முறை, வேலைத்தளத்தில் மதிப்பீடு மூன்றும் வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டுநரை மறுபடி மதிப்பிட வேண்டும். விபத்து நடந்தாலோ, நூலிழையில் தப்பினாலோ, மெஷின் மாறினாலோ, இடத்தின் அமைப்பு மாறினாலோ உடனே மறுபயிற்சி. வெளியே எங்கோ எடுத்த ஒரு நாள் சான்றிதழ், நல்ல இடத்தில் எடுத்ததாக இருந்தாலும், முதல் கட்டத்தை மட்டும்தான் தொடுகிறது. மீதியை வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும், அதைப் பொடியன் பணம் கொடுத்து வாங்கிவர முடியாது.

நம் நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கமாக வந்தது, தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் பரிசோதனைக்கு வருவது அதன் கீழ்தான். தொழில் பாதுகாப்புக்கென்று ஒரு தேசிய நிறுவகமும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. என்.வி.கியூ என்று நாம் சொல்லும் தேசிய தொழிற்தகைமை முறையில், வேலை செய்து பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. வருடக்கணக்காக ஓட்டியும் காகிதம் இல்லாதவர்கள், தங்கள் வேலைக்கு எந்த மட்டம் பொருந்தும் என்று தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம்.

பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

1. எத்தனை பேருக்கு எத்தனை மெஷின்? இருபது பேருக்கு ஒரு மெஷின் என்றால் ஒரு நாளில் உங்கள் கைக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

2. பாரத்தோடு ஓட்ட விடுவார்களா, வெறும் மெஷினை வட்டமடித்துக் காட்டுவதோடு முடியுமா?

3. சரிவுப் பாதை இருக்கிறதா?

4. எந்த மொழியில் நடக்கும்? சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடந்து, பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்த பயிற்சி ஆளைக் காப்பாற்றாது. தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. தமிழில் நடத்த ஆளில்லை என்றால், விளங்கப்படுத்த ஒருவரையாவது வைக்கச் சொல்லுங்கள்.

5. சான்றிதழில் எந்த வகை மெஷின் என்று எழுதியிருக்குமா? வெறுமனே "ஃபோர்க்லிஃப்ட்" என்று மட்டும் இருந்தால், ரீச் டிரக்கில், அதாவது ஒடுங்கிய இடைவழியில் உயரமான ராக்கைக்கு எட்டித் தூக்கும் மெஷினில், ஏற்றும்போது அது உங்களுக்கு உதவாது. பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் மெஷின் கவிழும்போது பின்னால் இறங்கி விலக வேண்டும் என்பதால், அங்கே தப்பும் முறையே வேறு.

6. தோற்றவர்கள் உண்டா? யாருமே தோற்காத இடத்தில் மதிப்பீடு நடக்கவில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு முதல் நாளே மேற்பார்வையாளரோடு முழுப் பாதையையும் நடந்து பாருங்கள்: சரிவு எங்கே, ஆட்கள் குறுக்கே வரும் கதவு எது, மழைக்கு எங்கே தண்ணீர் தேங்கும். மணிக்கு 10 கிலோமீற்றர் என்பது வினாடிக்கு 2.8 மீற்றர், கண் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடியில் மெஷின் ஒரு சின்ன அறையின் நீளத்தைக் கடந்துவிடும். தினமும் காலையில் டயர், பிரேக், ஹோர்ன், ஃபோர்க்கில் வெடிப்பு, எண்ணெய்க் கசிவு பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பழுதை எழுதிக் கொடுத்த பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் விபத்துக்குப் பிறகு "அவனுக்கு ஓட்டச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், யார் சாவி கொடுத்தார், எந்தத் திகதியில் பயிற்சி நடந்தது என்ற பதிவுதான் உங்கள் குடும்பத்துக்காகப் பேசும். அந்தப் பதிவின் பிரதி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.